அறுபத்துநான்கு லிட்டர் மாதையன்

மாதையன் காணாமல் போனதாகச் சொல்லப்பட்ட நாளுக்கு மறுநாள் காலையில், தொட்டம்பாறை பீர் ஆலையின் ஏழாம் எண் தொட்டியில் அறுபத்துநான்கு லிட்டர் பீர் கூடுதலாக இருந்தது. அதற்கும் சேர்த்துத் தீர்வை விதிக்கப்பட்டது.

அந்தச் சுற்றுவட்டாரத்தில் வேறு எதையும் யாரும் ஒழுங்காக அளந்ததில்லை. மழையை அளக்க வைத்த கருவியில் காக்கை கூடு கட்டி எட்டு வருடமாகிறது, ரேஷன் கடைத் தராசு எந்தப் பக்கம் சாயும் என்று எல்லோருக்கும் தெரியும், ஆனால் பீரை மட்டும் அரசாங்கம் சொட்டு விடாமல் அளந்தது. பாட்டில் கடைக்குப் போய் விற்கட்டும், அப்புறம் வரி வாங்கிக்கொள்ளலாம் என்று அது காத்திருக்கவில்லை. பீர் தொட்டியில் நொதித்துக் கிடக்கும்போதே அளந்து, எழுதி, ஆலை வாசலைத் தாண்டுவதற்குள் தீர்வையைக் கறந்துவிடுவதற்காகத் தன் ஆள் ஒருவரை ஆலைக்குள்ளேயே உட்கார வைத்திருந்தது. அவருக்கு மேசை, நாற்காலி, மின்விசிறி எல்லாம் கம்பெனி கொடுத்தது. அவர் சம்பளத்தைக்கூடக் கம்பெனி கருவூலத்தில் கட்ட, அரசாங்கம் அதை எடுத்து அவருக்குக் கொடுத்தது. சரக்கறைக் கதவில் இரண்டு பூட்டுகள், ஒன்றின் சாவி கம்பெனியிடம், மற்றதன் சாவி அவர் இடுப்பில். அவர் கையெழுத்துப் போட்ட அனுமதிச் சீட்டு இல்லாமல் ஒரு பாட்டில்கூட வெளியே போக முடியாது.

அவர் பெயர் தெய்வசிகாமணி. ஆலையில் எல்லோரும் தீர்வை சார் என்றார்கள். கை நீட்டாத மனிதர். தினமும் காலை எட்டு மணிக்கு ஏணியில் ஏறி, தொட்டியின் மேல்வாயைத் திறந்து, நுரை அடங்கும்வரை பொறுமையாக நின்று, பித்தளை முனை வைத்த அளவுகோலை உள்ளே இறக்கி, வெளியே எடுத்து, ஈரம் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்து, பதிவேட்டில் எழுதுவார். நுரையோடு சேர்த்து அளந்தால் கம்பெனிக்கு நஷ்டம், அரைகுறையாக அளந்தால் அரசாங்கத்துக்கு நஷ்டம், இரண்டுமே பாவம் என்று நினைக்கிறவர். அப்படிப்பட்டவர் அன்று காலையில் செய்த தவறு ஒன்றே ஒன்றுதான். அவர் கோலைப் பார்த்தார், தொட்டிக்குள் பார்க்கவில்லை. கொதிகூடத்திலிருந்து உள்ளே விட்டது பத்தாயிரம் லிட்டர், கோல் காட்டியது பத்தாயிரத்து அறுபத்துநான்கு. குறைந்தால் ஏன் குறைந்தது என்று கேள்வி கேட்பது வழக்கம். கூடினால் யாரும் கேட்பதில்லை. அவரும் கேட்கவில்லை.

நடந்தது என்னவென்று ஆலையில் எல்லோருக்கும் தெரியும். பீர் வெளியேறிய தொட்டியின் அடியில் கனமான வாயு ஒன்று தேங்கிக் கிடக்கும், கண்ணுக்குத் தெரியாது, இரண்டு மூச்சு இழுத்தால் ஆளைச் சாய்த்துவிடும். அதை விசிறி வைத்து ஊதி வெளியேற்றிவிட்டு, இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு இறங்கித்தான் தொட்டியைத் தேய்க்க வேண்டும், மேலே ஒருவன் கயிற்றைப் பிடித்தபடி நிற்க வேண்டும். அன்று சித்திரை வெயில், கடைகளிலிருந்து லாரிகள் வந்து நின்றுவிட்டன, விசிறி பழுது. கயிறு பிடிக்க நின்றவனை மேலாளர் கோபிநாத் மால்ட் என்னும் முளைகட்டிய பார்லி மூட்டை இறக்க அனுப்பிவிட்டார். ஒரு தொட்டிக்கு ஒரு நாள் வீணாகக் கூடாதே என்று மாதையன் இறங்கினான். அவன் ஏறிப் போயிருப்பான் என்று நினைத்து யாரோ கதவை இறுக்கினார்கள், மாலையில் தொட்டி நிரம்பியது. பீர் பக்குவமாகி அதைக் காலி செய்து பார்த்தபோது உள்ளே எலும்பு இல்லை, சட்டைப் பொத்தான் இல்லை, கயிற்றின் நார்கூட இல்லை. ஏணியடியில் அவன் செருப்பு மட்டும் ஜோடியாகக் கிடந்தது. கம்பெனி நான்கு பித்தளை வால்வுகளைக் காணவில்லை என்று சொல்லி, அவற்றைத் திருடிக்கொண்டு மாதையன் ஓடிவிட்டான் என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டியது. போலீஸ் ஸ்டேஷனில் ஆளைக் காணவில்லை என்று எழுதிக்கொண்டு, அவனுக்கு வெளியூரில் தொடுப்பு ஏதாவது உண்டா என்று அவன் மனைவியிடம் கேட்டார்கள்.

மனைவி நஞ்சம்மா அதே ஆலையில் பாட்டில் பகுதியில் ஒப்பந்தக் கூலி. கடைகளிலிருந்து திரும்பி வரும் பழைய பாட்டில்களை விளக்குப் பலகைக்கு முன்னால் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து, பல்லி கிடப்பது, பீடித்துண்டு கிடப்பது, மண்ணெண்ணெய் வாடை வருவது என்று ஒதுக்கி வைக்க வேண்டும். பதினொரு வருடமாகப் பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துப் பழகிய கண் அவளுடையது. தன் புருஷன் வால்வு திருடியவன் என்று பலகையில் எழுதியிருப்பதை அவள் தினம் இரண்டு முறை கடந்து போனாள். அழுவதற்கும் வழியில்லை. ஓடிப்போனவனுக்காக ஒப்பாரி வைத்தால் ஊர் சிரிக்கும். செத்தவன் என்று சொல்லலாமென்றால் உடம்பு இல்லை.

ஏழாம் தொட்டியில் அடுத்த முறை காய்ச்சியபோதும் அறுபத்துநான்கு கூடியது. அதற்கடுத்த முறையும் கூடியது. கம்பெனி ஆட்கள் குழாயைச் சோதித்தார்கள், தீர்வை சார் புதுக் கோல் வரவழைத்தார், ஒன்றும் மாறவில்லை. பாட்டில் பகுதியில் நஞ்சம்மாவுக்குப் பக்கத்தில் உட்காரும் கெம்பம்மாதான் ஒரு நாள், கையிலிருந்த பாட்டிலைக் கீழே வைக்காமலே அதைச் சொன்னாள்.

"நஞ்சி, உங்க ஊட்டுக்காரரு எங்கயும் போவல. ஏழுலதான் இருக்காரு."

நஞ்சம்மா திடுக்கிடவில்லை. வீட்டுக்குப் போய்த் தகரப் பெட்டியைத் திறந்து, கம்பெனி மருத்துவ முகாமில் கொடுத்த அட்டையை எடுத்தாள். எடை அறுபத்துநான்கு கிலோ என்று போட்டிருந்தது. அட்டை இல்லாவிட்டாலும் அவளுக்குத் தெரியும். வீட்டுக்குப் பின்னால் சிமென்டுத் தொட்டி ஒன்று இருந்தது. அதை நிரப்பி வைத்தால் மாதையன் ஞாயிற்றுக்கிழமை அதில் இறங்கிக் கழுத்துவரை உட்காருவான், சரியாக நான்கு குடம் தண்ணீர் வழிந்தோடும், நான்கு குடம் சுமந்தது நான்தானே என்று அவள் திட்டுவாள். அவ்வளவையும் இப்போது ஒருவர் கோல் வைத்து அளந்து எழுதியிருக்கிறார். அன்றுதான் அவள் முதல் முறையாக அழுதாள், அடுத்த வீட்டுக்குக் கேட்காமல் அழுதாள்.

பிறகு எல்லோரும் பழகிக்கொண்டார்கள். கூடுதல் எப்போதும் அறுபத்துநான்காகவே நிற்பதில்லை என்பது இரண்டாம் மாதமே தெரிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை நஞ்சம்மா கறி சமைத்தால் திங்கட்கிழமை கோல் அறுபத்தைந்து காட்டியது, ஆடி மாதம் அவள் மாரியம்மனுக்கு ஒரு பொழுது இருந்தபோது அறுபத்துமூன்றுக்கு இறங்கியது, அவளுக்குக் காய்ச்சல் கண்டு நாலு நாள் அடுப்பு எரியாதபோது அறுபத்திரண்டு. உயிரோடிருந்தபோதும் அவன் உடம்பு அப்படித்தான், அவள் சோற்றுக்கு ஏறும், அவள் சோறு இல்லாவிட்டால் இறங்கும். தீர்வை சார் ஏணியிலிருந்து இறங்கியதும் எண் ஆலை முழுக்கப் பரவும், நஞ்சம்மா வாசலில் கைவிரல் ரேகை வைக்கும்போதே காவலாளி சொல்லிவிடுவான், "அக்கா, அண்ணன் இன்னிக்கு அறுபத்தஞ்சே கால்" என்று. சுமை தூக்குகிறவர்கள் நேற்று என்ன, வெள்ளாடா என்று கேட்பார்கள். ஏழாம் தொட்டியின் ஏணியடியில் எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார்கள். முனியப்பனுக்கு வைக்கும் சுருட்டில் ஒன்றை அங்கேயும் வைத்தார்கள். சங்கத்துக் கூட்டத்தில் மாதையனுக்குச் சந்தா பிடிக்கலாமா வேண்டாமா என்று இரண்டு மணி நேரம் பேசி, அவர் இன்னும் ஆலையில்தானே இருக்கிறார், பிடிக்கலாம் என்று முடிவு செய்தார்கள். யாரிடம் பிடிப்பது என்றபோது நஞ்சம்மாவைப் பார்த்தார்கள்.

ஊரிலும் தெரியாமலில்லை. ஒரு மாதம் போலக் கடையில் பாட்டில் வாங்குகிறவர்கள் இது ஏழாம் தொட்டிச் சரக்கா என்று கேட்டார்கள், கடைக்காரனுக்கு எப்படித் தெரியும், பாட்டிலில் அதெல்லாம் போடுவதில்லை. மாதையனோடு ஒன்றாகப் படித்தவர்கள், அவன் கல்யாணத்தில் பந்தி பரிமாறியவர்கள், குடிப்பதை நிறுத்திவிடப் போகிறோம் என்று சொன்னார்கள். வெயில் ஏறியது, பாட்டில் குளிர்ந்திருந்தது, குடித்தார்கள்.

கோபிநாத் நன்றாகப் படித்தவர். மால்ட் இல்லாமல், தண்ணீர் இல்லாமல், மின்சாரம் இல்லாமல் ஒவ்வொரு காய்ச்சலிலும் அறுபத்துநான்கு லிட்டர் சும்மா கிடைக்கிறது என்பது அவருக்கு முதலில் புரிந்தது, நஞ்சம்மா நன்றாகச் சமைத்தால் இன்னும் கொஞ்சம் கூடும் என்பது அடுத்து. சனிக்கிழமை தோறும் கம்பெனி ஜீப்பில் உரித்த கோழி ஒன்று அவள் வீட்டுக்கு வர ஆரம்பித்தது. தீபாவளிக்கு ஐந்து கிலோ ஆட்டுக்கறி வந்தது. அரசாங்கத்துக்கும் மனக்குறை இல்லை. லிட்டருக்கு இவ்வளவு என்று தீர்வை வந்துகொண்டிருந்தது. மாதையன் உயிரோடு இருந்தபோது அவனால் யாருக்கும் இவ்வளவு ஆதாயம் இருந்ததில்லை.

அந்தக் கோழியை நஞ்சம்மா முதலில் வாங்கிக்கொண்டாள், அவனுக்காக. எட்டு மாதம் வாங்கினாள். ஒரு சனிக்கிழமை கோழியோடு வந்த டிரைவர், கொஞ்சம் எண்ணெய் அதிகம் விட்டு வறுக்கச் சொன்னார் மேனேஜர் என்று சொன்னான். கோழியைத் தெரு நாய்க்குப் போட்டாள். அன்றிலிருந்து அடுப்பை மூட்டவில்லை. பச்சைத் தண்ணீரும் கடலையும் தின்றுகொண்டு வேலைக்குப் போனாள். கோல் அறுபது காட்டியது, ஐம்பத்தேழு காட்டியது, இருபதாம் நாள் ஐம்பத்தொன்று. அடுத்த நாள் கோபிநாத் அரிசி மூட்டையோடு அவள் வீட்டுக்கே வந்து, வாசலில் நின்றபடி, உடம்பைப் பார்த்துக்கொள்ள வேண்டாமா என்று அக்கறையாகக் கேட்டார்.

"தொட்டிக்குள்ள எறங்கிச் செத்தாருன்னு ஒரே ஒரு வரி எழுதிக் குடுங்க சார்," என்றாள் நஞ்சம்மா. "அரிசி வேணாம்."

"ஓடிப்போனவரைச் செத்துட்டாருன்னு கம்பெனி எப்படிம்மா எழுத முடியும்?"

"ஓடிப்போனவருக்கு எதுக்கு சார் கோழி?"

அவர் அரிசி மூட்டையை இறக்கி வைத்துவிட்டுப் போனார். நஞ்சம்மா அதைத் தொடவில்லை. ஆனால் மறுநாள் காலையில் கெம்பம்மா, இன்றைக்கு நாற்பத்தெட்டு என்று சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்க்காமல் திரும்பிக்கொண்டாள். நாற்பத்தெட்டு என்றால் மாதையன் மஞ்சள் காமாலையில் கிடந்து எழுந்தபோது இருந்த உடம்பு, அப்போது அவனைக் கக்கூசுக்குத் தூக்கிக்கொண்டு போனதே அவள்தான். செத்தவனைப் பட்டினி போட்டு உயிரோடிருக்கிறவனை மிரட்டப் பார்த்த தன்னை அவளே வெறுத்தாள். அன்று மாலை ராகிக் களி கிண்டி, கருவாட்டுக் குழம்பு வைத்து, உட்கார்ந்து வயிறு நிறையத் தின்றாள். தின்னத் தின்ன அழுதாள். நான்கு வாரத்தில் கோல் மறுபடி அறுபத்துநான்குக்கு வந்துவிட்டது.

இப்படியே இரண்டு வருடம் போனது. மூன்றாம் வருடம் கம்பெனி பெரிய தொட்டிகள் வாங்கியது. பழைய ஏழாம் தொட்டியை மாநில எல்லைக்கு அந்தப் பக்கம் நகரத்திலுள்ள ஒரு ஓட்டலுக்கு விற்றுவிட்டார்கள், அடுத்த மாதம் லாரி வருகிறது என்று செய்தி வந்தது. நஞ்சம்மா மதியச் சாப்பாட்டு நேரத்தில் முதல் முறையாகத் தீர்வை சாரின் அறைக்குப் போனாள். அவர் தயிர்சாதத்தை மூடி வைத்துவிட்டு, உட்காரும்மா என்றார். அவள் உட்காரவில்லை. அந்த ஓட்டலிலும் இப்படித் தினம் அளப்பார்களா என்று கேட்டாள்.

அவர் நேராகச் சொன்னார். அந்த மாதிரி ஓட்டல்களில் அங்கேயே பீர் காய்ச்சி அங்கேயே மேசைக்கு ஊற்றிக் கொடுப்பார்கள். அங்கே கோல் கிடையாது, காலை எட்டு மணிக்கு ஏறிப் பார்க்க ஆள் கிடையாது. தொட்டி எவ்வளவு கொள்ளும் என்று ஒரே ஒரு முறை பார்த்து, அதற்கு வருடத்துக்கு இவ்வளவு என்று மொத்தமாகத் தீர்வை கட்டிவிடுவார்கள். அதற்குள் எவ்வளவு இருக்கிறது, என்ன இருக்கிறது என்று பிறகு ஒருவரும் கேட்பதில்லை.

"அப்ப அவரு அதுல இருக்காருன்னு யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாதும்மா."

கோபிநாத்தின் பலகையைவிட, போலீசின் கேள்வியைவிட, அந்த வார்த்தை அவளை அதிகம் அறுத்தது. இத்தனை நாளும் காலையில் யாரோ ஒருவர் ஏணி ஏறி அவனை எண்ணினார், அந்த எண்ணை வைத்துத்தான் அவள் உயிர் பிழைத்துக் கிடந்தாள். இனி அதுவும் கிடையாது.

"அவரை எனக்குக் குடுத்துருங்க சார். நான் கொண்டு போய் மண்ணுல வெக்கிறேன்."

தெய்வசிகாமணி அனுமதிச் சீட்டுப் புத்தகத்தை எடுத்து அவள் முன் திருப்பி வைத்தார். பொருள், அளவு, தீர்வை, பெறுபவர், வழி என்று கட்டங்கள் இருந்தன. பொருள் என்ற கட்டத்தில் அவர் விரல் நின்றது. "இதுல பீர்னு எழுதினா பீர்தான் போவும். நாப்பது தடவ அப்படித்தான் எழுதி அனுப்பியிருக்கேன், நாப்பது தடவயும் அவரு திரும்ப வந்து நின்னுட்டாரு."

"அப்ப பேரை எழுதுங்க."

பெயரை எழுதினால் என்ன ஆகும் என்று இருவருக்குமே தெரியும். ஓய்வுபெற அவருக்கு இன்னும் பதினான்கு மாதம் இருந்தது. அவர் வெகுநேரம் பேனாவை மூடி மூடித் திறந்தார். அன்றைக்கு நான் உள்ளே எட்டிப் பார்த்திருக்க வேண்டும் என்று, அவளிடம் இல்லை, புத்தகத்திடம் சொன்னார்.

"பாத்திருந்தா தீர்வை போட்டிருக்க மாட்டீங்களா சார்?" என்று கேட்டாள் நஞ்சம்மா. அவளுக்கு அவர் மேல் இரக்கம் வரவில்லை, வர வேண்டிய அவசியமும் இல்லை. அவர் தலையைக் குனிந்துகொண்டு எழுதினார். பொருள்: மாதையன், த/பெ பொன்னன். அளவு: அறுபத்துநான்கு லிட்டர். தீர்வை: இல்லை. பெறுபவர்: நஞ்சம்மா, மனைவி. வழி: ஆலை வாசல், ஏரிக்கரைச் சாலை, சுடுகாடு. செல்லுபடி: வெளியே எடுக்கும் நாள் மாலை ஐந்து மணி வரை. கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தினார்.

ஏழாம் தொட்டியின் கடைசிக் காய்ச்சல் பாட்டிலுக்குப் போன மறுநாள், அடியில் அறுபத்துநான்கு மட்டும் மிச்சமிருந்தபோது, நஞ்சம்மாவின் தம்பி திம்மராயன் தன் லோடு ஆட்டோவில் இருபது லிட்டர் கேன்கள் நான்கைக் கொண்டுவந்தான். கோபிநாத் ஓடி வந்து, கம்பெனிச் சரக்கை யாரைக் கேட்டு வெளியே விடுகிறீர்கள் என்று கத்தினார்.

"நீங்க காய்ச்சினது பத்தாயிரம். பத்தாயிரமும் போயிருச்சு," என்றார் தீர்வை சார், பதிவேட்டை அவரிடம் நீட்டி. "இது உங்களோடதுன்னா எங்கேருந்து வந்துச்சுன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க. அப்ப நான் வெளிய விடல."

கோபிநாத் பதிவேட்டைப் பார்த்தார், கையெழுத்துப் போடவில்லை. தீர்வை சார் தானே செருப்பைக் கழற்றிவிட்டுக் குழாயைத் திறந்தார். பொன்னிறமாகத்தான் வந்தது, ஆனால் நுரைக்கவில்லை. மூன்று கேன் நிறைந்து, நாலாவதில் நாலு லிட்டரோடு நின்றது. பாட்டில் பகுதியின் முப்பத்தொரு பெண்களும் இயந்திரத்தை நிறுத்திவிட்டு வெளியே வந்து நின்றார்கள், வாசலில் காவலாளி சீட்டையும் கேன்களையும் ஒப்பிட்டுப் பார்த்து, வழக்கம்போல நேரத்தை எழுதிக்கொண்டு, தொப்பியைக் கழற்றினான். ஏரிக்கரை முழுக்கத் தப்பு அடித்துக்கொண்டு போனார்கள், வழியில் கடை வாசலில் நின்றவர்கள் கையிலிருந்த பாட்டிலை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்கள். குழியில் அவன் செருப்பை வைத்து, நஞ்சம்மா ஒவ்வொரு கேனாகத் தன் கையாலேயே சாய்த்தாள். மண் அவசரமில்லாமல் குடித்தது. மாலை ஐந்து மணிக்கு இன்னும் இருபது நிமிடம் இருந்தது. இரண்டு வருடம் அடக்கி வைத்ததையெல்லாம் அங்கே அவள் வாய்விட்டு ஒப்பாரி வைத்தாள், யாரும் சிரிக்கவில்லை.

தொட்டியை விற்பதற்கு முன் சோதனைக்காக ஒரு முறை காய்ச்சினார்கள். கோல் பத்தாயிரம் காட்டியது. ஒரு லிட்டர் கூடவில்லை. பிறகு லாரி வந்து அதை ஏற்றிக்கொண்டு போனது.

அரசாங்கம் கூடும்போது கேட்காது, குறைந்தால் கேட்கும். நாற்பது முறை அறுபத்துநான்கு லிட்டருக்கும் சேர்ந்து வந்த தீர்வை நாற்பத்தோராம் முறை ஏன் வரவில்லை என்று மூன்று மாதம் கழித்துத் தணிக்கையில் பார்த்தார்கள். தெய்வசிகாமணியைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்தார்கள். நஞ்சம்மாவுக்குப் பதிவுத் தபாலில் ஒரு கேட்பு அறிவிப்பு வந்தது. அவளுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். அதை எடுத்துக்கொண்டு பஸ் ஏறி, டவுனில் தெய்வசிகாமணியின் வீட்டைத் தேடிப் போனாள். அவர் பனியனோடு வந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். "தொட்டம்பாறை பீர் ஆலையின் ஏழாம் எண் தொட்டியில் சித்திரை மாதம் பதினொன்றாம் நாள் முதல் இருந்துவந்த மாதையன், த/பெ பொன்னன், அறுபத்துநான்கு லிட்டர், அரசுக்குரிய தீர்வை செலுத்தப்படாமல் தங்களால் வெளியே கொண்டுசெல்லப்பட்டதால், மேற்படி தீர்வையையும் அபராதத்தையும் சேர்த்துப் பதினோராயிரத்து நானூறு ரூபாயைப் பதினைந்து நாட்களுக்குள் செலுத்துமாறு இதன்மூலம் தெரிவிக்கப்படுகிறது."

அநியாயம் என்றார் அவர். நாற்பது முறை வாங்கிய தீர்வையை மறுபடியும் கேட்கிறார்கள், கட்டாதே, மேல்முறையீடு எழுதித் தருகிறேன் என்று உள்ளே போய்க் காகிதம் எடுக்கப் பார்த்தார்.

"இன்னொரு வாட்டி படிங்க சார்," என்றாள் நஞ்சம்மா. "எந்தத் தேதியிலேருந்து இருந்தாருன்னு போட்டிருக்கு?"

அவர் படித்தார். பாதியில் நிறுத்தினார். அந்தத் தேதியை அரசாங்கம் தன் கையாலேயே எழுதியிருந்தது, தொட்டியின் எண்ணை, அவன் பெயரை, அவன் அப்பன் பெயரை. இதை எழுதியவன் எண்ணைத்தான் பார்த்திருக்கிறான், என்ன எழுதுகிறோம் என்று பார்க்கவில்லை. அவருக்குத் தெரியாதா அந்தத் தவறு?

"ரெண்டு நாள்ல கண்டுபிடிச்சு ரத்து பண்ணிருவாங்கம்மா," என்றார் மெதுவாக.

"அதுக்குள்ள கட்டிட்டா?"

"கட்டிட்டா ரசீது குடுத்துத்தான் ஆவணும்."

நஞ்சம்மா அங்கேயே காதிலிருந்த கம்மலைக் கழற்றினாள். அடகுக்கடையில் ஒன்பதாயிரம் கொடுத்தார்கள், மீதியைத் தெய்வசிகாமணி கொடுத்தார், அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. கருவூலத்துக்குப் பணம் கட்டும் வங்கியில் இரண்டு மணிக்குக் கவுண்டரை மூடிவிடுவார்கள். பத்து நிமிடம் இருக்கும்போது அவள் சலானை நீட்டினாள். உள்ளே இருந்தவர் அறிவிப்பைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாகத் தட்டிக்கொண்டே, ஆயத்தீர்வையா என்று கேட்டார், ஆமாம் என்றாள்.

"மாதையன்னு போட்டிருக்கே, புது பிராண்டா? கேள்விப்பட்டதில்லையே."

"எங்க ஊட்டுக்காரரு," என்றாள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். பின்னால் ஆட்கள் நின்றார்கள். குனிந்து முத்திரை குத்தி, ரசீதைக் கிழித்துக் கொடுத்தார்.

ரத்து உத்தரவு நான்காம் நாள் வந்தது. ஏழாம் எண் தொட்டியில் மாதையன் என்று எவரும் எக்காலத்திலும் இருந்ததில்லை என்றும், முந்தைய அறிவிப்பு எழுத்தரின் பிழை என்றும், அசல் ரசீதை ஒப்படைத்துச் செலுத்திய தொகையை முழுவதுமாகத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம் என்றும் அதில் இருந்தது. வருடத்துக்கு ஒரு முறை நினைவூட்டல் கடிதமும் வருகிறது. ரசீது கண்ணாடிச் சட்டத்துக்குள் சுவரில் இருக்கிறது. சித்திரை பதினொன்று அன்று நஞ்சம்மா அதன் முன்னால் இலை போட்டு, கறிச்சோறு படைத்து, காக்கைக்கு வைத்துவிட்டுச் சாப்பிடுகிறாள். காது இன்னும் மூளியாகத்தான் இருக்கிறது. பணத்தை வாங்க அவள் போகவில்லை.